கஞ்சித் தொட்டியும் கால்வாயும்: நிவாரணம், வளர்ச்சி, வெளியுறவுக் கொள்கை

சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி 1877-78இல் வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சத்தில் பிழைப்பு தேடி வந்த சனங்கள் மண் சுமந்து கூலி வாங்கினார்கள். அவர்களுக்குக் கூலி கிடைத்தது, நகரத்துக்கு ஒரு நீர்வழி கிடைத்தது. அதே காலத்தில், வைஸ்ராயின் தூதராகச் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், பஞ்ச வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அது உயிர்வாழப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தானியம் கப்பலேறுவதும் நிற்கவில்லை. கஞ்சித் தொட்டி திறந்ததும் கால்வாய் வெட்டியதும் ஒரே அரசுதான். அந்த அரசு யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்ததோ, அவர்கள் பஞ்சம் விழுந்த மண்ணில் இல்லை.

பசித்தவருக்கு இன்று சோறு போடுவதையும், நாளை அவர் பசிக்காமலிருக்க வழி செய்வதையும் ஒரே திட்டமாக்குவது நல்ல எண்ணம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதைச் செய்பவர் வேற்று நாட்டு அரசாக இருந்து, அதைத் தன் வெளியுறவுக் கொள்கையின் பகுதியாகவும் வைத்திருந்தால் என்ன ஆகிறது? கடந்த முக்கால் நூற்றாண்டு இதற்குப் பல விடைகளைத் தந்திருக்கிறது. 1961இல் அதிபர் கென்னடி தொடங்கிய யுஎஸ்எய்டு என்ற அமெரிக்க உதவி நிறுவனம் 2025 ஜூலை 1ஆம் தேதியோடு முடித்துவைக்கப்பட்டு, அதில் எஞ்சியவை வெளியுறவுத் துறைக்குள் சேர்க்கப்பட்டன. அந்த விடைகளைத் திரட்டிப் பார்க்க இதைவிடத் தேவையான நேரம் இல்லை.

இரண்டு ஊற்றுகள்

நிவாரணமும் வளர்ச்சியும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை அல்ல. 1859இல் சோல்பெரினோ போர்க்களத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த காயம்பட்டவர்களைக் கண்ட ஆன்ரி துனான், எந்தப் பக்கத்துப் படைவீரன் என்று பாராமல் உதவ ஓர் அமைப்பு வேண்டும் என்றார். 1863இல் ஜெனீவாவில் செஞ்சிலுவை இயக்கம் உருவானது. மனிதநேயம், பாரபட்சமின்மை, நடுநிலை, சுதந்திரம் என்ற நெறிகள் அதன் வழியே நிலைபெற்றன. காயத்துக்கு மருந்திட வந்தவர் அரசியல் பேசுவதில்லை என்ற நம்பிக்கைதான் எதிரியின் காவற்சாவடியிலும் அவருக்கு வழிவிடுகிறது.

வளர்ச்சி உதவியின் ஊற்று வேறு. 1949 ஜனவரி 20ஆம் தேதி பதவியேற்பு உரையில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் நான்காவது அம்சமாக, பின்தங்கிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப அறிவைக் கொண்டுசேர்ப்பதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு காமன்வெல்த் நாடுகள் கொழும்புத் திட்டத்துக்கு வித்திட்டன. இரண்டுக்கும் பின்னால் பனிப்போர் இருந்தது. அணை கட்டவும் பள்ளி நடத்தவும் அந்த நாட்டு அரசோடு கைகோக்க வேண்டும், அதன் அமைச்சகங்கள் வழியே பணம் போக வேண்டும். ஆகவே வளர்ச்சி அரசியலுக்குள் இறங்கியே ஆக வேண்டிய வேலை. நிவாரணமோ அரசியலிலிருந்து விலகி நின்றால்தான் நடக்கும். இந்தப் பிணக்கு எந்த ஒருங்கிணைப்புக் குழுவாலும் கரைந்துவிடாது.

பிணக்கை அறிந்தே அதைத் தாண்ட முயன்றவர்களும் உண்டு. அவசர உதவி மீட்சிக்கும் நெடுங்கால வளர்ச்சிக்கும் துணைபுரியும் வகையில் தரப்பட வேண்டும் என்று 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. அதே ஆண்டு அகதிகளுக்கான ஐ.நா. ஆணையராகப் பொறுப்பேற்ற ஜப்பானியப் பெண்மணி சடாகோ ஓகாதா, 10 ஆண்டுப் பணியில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் கண்டார். முகாமில் இருந்தவரை உணவும் மருந்தும் கிடைத்த குடும்பம் ஊர் திரும்பியதும் ஒன்றுமில்லாமல் நின்றது. நிவாரண நிதி தீர்ந்துபோயிருக்கும், வளர்ச்சி நிதி வந்திருக்காது. இந்த இடைவெளியை அடைக்க 1999இல் உலக வங்கித் தலைவரோடு சேர்ந்து முயன்றார். பின்னர் ஜப்பானின் வளர்ச்சி உதவி நிறுவனத்துக்கே தலைமையேற்றார். அமர்த்தியா சென்னோடு இணைந்து அவர் தலைமை வகித்த மனிதப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிக்கை 2003இல் வந்தது. 2016இல் இஸ்தான்புல்லில் கூடிய உலக மனிதாபிமான உச்சிமாநாடும், 2019இல் கொடை நாடுகளின் குழு வெளியிட்ட பரிந்துரையும் இதே கருத்தைப் புதுச் சொற்களில் கூறின.

ஆக, என்ன செய்ய வேண்டும் என்பது 30 ஆண்டுகளாகத் தெரியும். ஏன் நடப்பதில்லை என்பதற்குக் காலக்கணக்கைப் பார்க்க வேண்டும். நிவாரணம் நாள்களில் நடக்கிறது. வளர்ச்சி தலைமுறைகளில் நடக்கிறது. இரண்டுக்கும் பணம் தரும் அரசின் கண் அடுத்த தேர்தல் மீதோ நடக்கும் போர் மீதோ இருக்கிறது. இந்த மூன்றாவது கணக்கு மற்ற இரண்டையும் பல இடங்களில் விழுங்கியிருக்கிறது. அது அடக்கிவைக்கப்பட்ட இடங்களில் நிவாரணம் வளர்ச்சியாக மாறியிருக்கிறது.

எல்லாரும் சுட்டும் முன்மாதிரி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவை நிமிர்த்திய மார்ஷல் திட்டமே இந்த இணைப்பின் முன்மாதிரி. 1948 முதல் 1952 வரை 16 நாடுகளுக்கு ஏறத்தாழ 1,300 கோடி டாலர் போனது. முதலில் உணவும் எரிபொருளும் உரமும், பிறகு இயந்திரங்களும் மூலப்பொருள்களும். பெற்ற அரசு அந்தச் சரக்குகளைத் தன் மக்களிடம் விற்று, வந்த உள்ளூர்ப் பணத்தைத் தனி நிதியாக வைத்து மீள்கட்டுமானத்துக்குச் செலவிட்டது. ரொட்டி விற்ற காசு பாலமாகவும் மின்நிலையமாகவும் மாறியது.

அமெரிக்காவின் சுயநலம் இதில் ஒளிவுமறைவின்றி இருந்தது. கம்யூனிசத்தைத் தடுக்க வேண்டும், தன் சரக்குக்குச் சந்தை வேண்டும். ஆனாலும் திட்டத்தை ஐரோப்பிய நாடுகளே கூடி வகுத்துத் தர வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் மார்ஷல் 1947 ஜூன் உரையிலேயே சொல்லிவிட்டார். காலம் முன்கூட்டியே 4 ஆண்டு என்று வரையறுக்கப்பட்டது. சுயநலம் இருப்பதாலேயே உதவி கெட்டுவிடாது என்பதற்கு இது சான்று. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஐரோப்பாவில் இடிந்தவை கட்டடங்கள்தாம். பொறியாளர், கணக்கர், நகராட்சி, வங்கி எல்லாம் இருந்தன. பிற்காலத்தில் எந்த நாடு நொறுங்கினாலும் அதற்கொரு மார்ஷல் திட்டம் வேண்டும் என்று பேசியவர்கள் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்கவில்லை.

கோதுமைக் கப்பலும் விதை மூட்டையும்

பெறும் நாடாக இந்தியாவின் அனுபவம் இன்னும் ஆழமானது. 1954இல் வந்த பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டம், அங்கே குவிந்த உபரி தானியத்தை வெளியேற்றவும் நட்பு நாடுகளைப் பிடித்துவைக்கவும் பிறந்தது. 1956 முதல் இந்தியா அந்தக் கோதுமையை ரூபாய் கொடுத்து வாங்கியது. பசி ஆறியது. மலிவான கோதுமை வந்துகொண்டே இருந்ததால், உள்ளூர் விவசாயிக்கு நல்ல விலை கொடுக்கும் அவசரமும் அரசுக்கு இல்லாமல் போயிற்று.

1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பருவமழை பொய்த்தது. 1966இல் ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் இறக்குமதி. வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததில் எரிச்சலுற்றிருந்த அமெரிக்க அதிபர் ஜான்சன், நீண்டகால ஒப்பந்தத்தைத் தவிர்த்து ஒவ்வொரு தவணையையும் தானே பார்த்து அனுமதித்தார். பீகார் வறண்டு கிடந்தபோது கப்பல் எப்போது புறப்படும் என்பது வெள்ளை மாளிகையின் மனநிலையைப் பொறுத்திருந்தது. கஞ்சியின் மீது இராஜதந்திரம் கைவைத்த மிகத் தெளிவான காட்சி இது.

அந்த நெருக்கடிதான் இந்தியாவை விவசாயத்தின் பக்கம் திருப்பியது என்று ஜான்சனுக்கு நற்சான்று தருவோர் உண்டு. காலவரிசை அதற்கு முழுதாக இடந்தரவில்லை. 1964இல் உணவு அமைச்சரான சி. சுப்பிரமணியம் ஏற்கெனவே திட்டம் வகுத்துவிட்டார். விலை நிர்ணய ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் 1965 ஜனவரியில் வந்தன. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமையை எம்.எஸ். சுவாமிநாதனும் சக விஞ்ஞானிகளும் இந்திய மண்ணில் சோதித்திருந்தார்கள். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளை தந்த ஆராய்ச்சித் துணை, அமெரிக்க அரசு உதவிய வேளாண் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் பங்கும் இதில் பெரிது. தவணை தவணையாக வந்த தானியம் உயிரைக் காத்தது. ஆண்டுக்கணக்கில் பொறுமையாக வளர்க்கப்பட்ட ஆய்வும், இந்தியா தானே கட்டிய கொள்முதல் அமைப்பும் சேர்ந்து பசியை வென்றன. 1964-65இல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68இல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது.

அந்த அறுவடைக்கு முன்பே தேர்தல் வந்துவிட்டது. அரிசித் தட்டுப்பாட்டில் வெந்திருந்த சென்னை மாநிலத்தில் 1967இல் காங்கிரஸ் வீழ்ந்தது, சுப்பிரமணியமும் தோற்றார். விதைத்தவருக்கு அறுவடையைக் காட்டி வாக்குக் கேட்க ஓராண்டு போதவில்லை. வளர்ச்சியின் காலமும் அரசியலின் காலமும் ஒத்துப்போகாததற்கு இதைவிட நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு கிடையாது.

எல்லாருக்கும் இந்தியாவின் பலம் இருக்கவில்லை. 1974இல் வெள்ளமும் விலையேற்றமும் வங்கதேசத்தைச் சூழ்ந்தபோது, அது கியூபாவுக்குச் சணல் விற்றது என்ற காரணத்துக்காக அமெரிக்கா உணவு உதவியைத் தாமதப்படுத்தியது. அந்த ஆண்டின் பஞ்சத்தில் மடிந்தவர்கள் சணல் வியாபாரத்தைப் பற்றி எதுவும் அறிந்திருக்க மாட்டார்கள்.

எத்தியோப்பியா: ஆண்டுதோறும் வரும் அவசரம்

1984-85 பஞ்சத்தில் எத்தியோப்பியாவில் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். உலகமே இசை நிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டியது. உள்நாட்டுப் போரில் இருந்த ராணுவ அரசு, உதவி வந்த இடங்களிலிருந்தே மக்களைக் கட்டாயமாக இடம்பெயர்த்தது. அதைக் கண்டித்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு வெளியேற்றப்பட்டது.

பஞ்சம் ஓய்ந்த பிறகும் விசித்திரம் ஒன்று தொடர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் அதே மாவட்டங்களில், அதே மாதங்களில், லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு உணவு தேவைப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் அதை எதிர்பாராத அவசரம் போல அறிவித்து நிதி கேட்டார்கள். பணம் வந்து, கோதுமை வாங்கி, கப்பலில் ஏற்றி, லாரியில் இறக்குவதற்குள் விவசாயி மாட்டை விற்றிருப்பார். உயிர் மிஞ்சும், மறுபடி உழுவதற்கு ஏதும் மிஞ்சாது. 2003இல் உணவு வேண்டியவர்கள் எண்ணிக்கை 1.3 கோடியைத் தொட்டது.

2005இல் வந்த உற்பத்திசார் பாதுகாப்பு வலைத் திட்டம் இந்தச் சுழலை உடைத்தது. ஆண்டுதோறும் பசிக்கும் குடும்பங்களை முன்கூட்டியே பதிவுசெய்து, பல ஆண்டுகளுக்கு உறுதியான உதவி தருவதே அதன் அடிப்படை. உடல் வலுவுள்ளவர்கள் விவசாயம் இல்லாத மாதங்களில் மலைச்சரிவில் வரப்புக் கட்டுவார்கள், குளம் தோண்டுவார்கள், சாலை போடுவார்கள். பணமாகவோ தானியமாகவோ கூலி. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் வேலையின்றியே உதவி. உலக வங்கி, அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் உள்ளிட்ட பலர் நிதி தர, அரசே தன் அலுவலர்கள் மூலம் நடத்தியது. பயன்பெற்றோர் 70 லட்சத்தைத் தாண்டினர். 2015-16இல் கடும் வறட்சி வந்து 1 கோடிப் பேருக்கு உதவி தேவைப்பட்டபோது அது 1984 போன்ற பஞ்சமாக மாறவில்லை. இந்த வலை இருந்ததும், அரசு தன் கருவூலத்தைத் திறந்ததும் அதற்குக் காரணங்கள்.

அதே 2005இல்தான் இந்திய நாடாளுமன்றம் ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 1972 வறட்சியில் மகாராட்டிரம் தொடங்கிய வேலை உறுதித் திட்டம் அதன் தாய். அதற்கும் முன்னே, தாது வருஷப் பஞ்சத்தின் பாடத்தில் பிறந்த பஞ்ச விதித்தொகுப்பு இருக்கிறது. பக்கிங்காம் கால்வாயில் மண் சுமந்தவருக்கு அது கருணையாகக் கிடைத்த வேலை. 2005இல் அது சட்டம் தரும் உரிமையானது. நிவாரணம் வளர்ச்சியாவது என்றால் நடைமுறையில் இதுதான் பொருள்.

எத்தியோப்பியாவின் கதை அங்கே நல்லபடி முடிந்துவிடவில்லை. 2020 நவம்பரில் டிக்ரே பகுதியில் போர் மூண்டது. உணவு லாரிகள் மறிக்கப்பட்டன. 2023இல் உதவித் தானியம் பெருமளவில் திருப்பிவிடப்படுவது தெரிந்து, அமெரிக்காவும் உலக உணவுத் திட்டமும் விநியோகத்தை நிறுத்திவைத்தன. அரசின் கை வழியே கட்டிய வலையை அரசே அறுக்கவும் முடியும். வளர்ச்சிக்கு அரசோடு கைகோக்கும் எவரும், அந்த அரசு தன் மக்கள் மீதே போர் தொடுக்கும் நாளுக்கு விலகி நிற்கும் ஒரு நிவாரணக் கையையும் வைத்திருக்க வேண்டும்.

ஹைத்தி: அரசைத் தாண்டிப் போன பணம்

2010 ஜனவரி 12ஆம் தேதி நிலநடுக்கம் ஹைத்தியின் தலைநகரைத் தரைமட்டமாக்கியது. இறந்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல் என்று அரசு கணித்தது. மார்ச் மாதம் நியூயார்க்கில் கூடிய நாடுகள், அடுத்த ஈராண்டுக்கு மட்டும் 530 கோடி டாலர் வாக்களித்தன. வந்த நிவாரணப் பணத்தில் ஹைத்தி அரசின் கைக்குச் சேர்ந்தது ஏறத்தாழ 100க்கு 1 டாலர். ஊழல் அரசு என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. பொய்யான காரணமும் அன்று. ஆனால் எல்லாப் பணமும் வெளி அமைப்புகள் வழியே போனதால் அரசு மேலும் மெலிந்தது, மெலிந்த அரசை நம்ப முடியாது என்பதால் மீண்டும் அதைத் தாண்டியே பணம் போனது.

நெடுங்கால வளர்ச்சியின் அடையாளமாகக் காட்டப்பட்ட கரகோல் தொழிற்பூங்கா, நிலநடுக்கம் தொடாத வடபகுதியில், விளைநிலத்தின் மேல் கட்டப்பட்டு 2012இல் திறக்கப்பட்டது. 60,000 வேலை வரும் என்ற பேச்சு பேச்சாகவே நின்றது. இடையில் ஐ.நா. அமைதிப்படை முகாமிலிருந்து ஆற்றில் கலந்த கழிவால் காலரா பரவி ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். ஐ.நா. பொதுச்செயலர் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் வரை ஆனது.

ஹைத்தியின் காயம் நிலநடுக்கத்துக்கு முந்தையது. 1990களின் நடுவில் அரிசி மீதான இறக்குமதி வரி 3 விழுக்காட்டுக்குக் குறைக்கப்பட்டது. அமெரிக்க மானிய அரிசி வந்து குவிந்தது, ஹைத்தியின் நெல் விவசாயிகள் நிலத்தை விட்டு நகரச் சேரிகளுக்குப் போனார்கள். அந்த நெருக்கமான குடியிருப்புகள்தாம் 2010இல் இடிந்தன. இந்தக் கொள்கை தன் மாநிலமான ஆர்கன்சாஸின் விவசாயிகள் சிலருக்கு நன்மை தந்திருக்கலாம், ஆனால் அது தவறு என்று முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் 2010 மார்ச்சில் செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். ஒரு கையால் உதவியும் மறு கையால் வணிகமும் ஒன்றையொன்று அழிக்கும்போது, உதவித் துறையை எவ்வளவு சீராக ஒருங்கிணைத்தாலும் பயன் இராது.

ஒரே அலை, இரண்டு கரைகள்

2004 டிசம்பர் 26ஆம் தேதி எழுந்த ஆழிப்பேரலை உள்நாட்டுப் போர் தீராத இரண்டு கரைகளை மோதியது. ஒன்று இந்தோனேசியாவின் அச்சே, மற்றது இலங்கையின் வடக்கும் கிழக்கும். இரண்டு இடத்துக்கும் உலகம் வாரி வழங்கியது.

அச்சேயில் இந்தோனேசியா ஒரு தனி மீள்கட்டுமான அமைப்பை உருவாக்கி, குந்தோரோ மங்குசுப்ரோத்தோ என்ற நேர்மையாளரிடம் கொடுத்தது. அதற்கு 4 ஆண்டு ஆயுள். தலைமையகம் ஜகார்த்தாவில் இல்லாமல் பந்தா அச்சேயில். கொடை நாடுகள் தனித்தனிக் கொடி பிடிக்காமல் பொது நிதியில் பணம் சேர்த்தன. 2005 ஆகஸ்டில் ஹெல்சின்கியில் அரசும் அச்சே விடுதலை இயக்கமும் ஒப்பந்தம் செய்தன. 1,30,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. ஐரோப்பிய ஒன்றியமும் தென்கிழக்காசிய நாடுகளும் கண்காணிப்பாளர்களை அனுப்பின. அங்கே வீடும் சாலையும் சமாதானமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இலங்கையிலும் அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து உதவியைப் பகிரும் பொதுக்கட்டமைப்பு 2005 ஜூனில் கையெழுத்தானது. அதை எதிர்த்துக் கூட்டணிக் கட்சி ஒன்று ஆட்சியை விட்டு வெளியேறியது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் முக்கியப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கரையிலிருந்து தெற்கே 100 மீட்டரும் வடகிழக்கில் 200 மீட்டரும் குடியிருக்கக் கூடாது என்ற விதி, மீனவரைக் கடலிலிருந்து பிரித்து, சுற்றுலா விடுதிகளுக்கு விலக்களித்தது. அடுத்த ஆண்டே போர் மீண்டும் தொடங்கிவிட்டது. 2009இல் அது எப்படி முடிந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தின் அளவு இந்த வேறுபாட்டை விளக்காது. உதவியைப் பங்கிடும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு அச்சேயில் அரசியல் விடை கிடைத்தது, இலங்கையில் கிடைக்கவில்லை. உதவி சமாதானத்தைத் தாங்கும், சமாதானத்தை உண்டாக்காது.

படையின் நிழலில்

ஆப்கானிஸ்தானில் இணைப்பு வேறொரு வடிவெடுத்தது. 2001இல் அமெரிக்க விமானங்கள் போட்ட உணவுப் பொட்டலமும் மஞ்சள், வெடிக்காமல் கிடந்த கொத்துக்குண்டும் மஞ்சள். எச்சரிக்க வேண்டி ஒலிபரப்புச் செய்தார்கள். பின்னர் ராணுவமும் அதிகாரிகளும் கலந்த மாகாண மீள்கட்டுமானக் குழுக்கள் பள்ளியும் கிணறும் கட்டின. கட்டடங்கள் எழுந்தன, ஆனால் சீருடைக்காரரும் சமூகப் பணியாளரும் ஒன்றாகத் தெரிந்ததால் பணியாளர் இலக்கானார். 2004இல் 5 ஊழியர்களை இழந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 24 ஆண்டுப் பணியை நிறுத்தி வெளியேறியது.

சோமாலியாவில் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிவாரணத்தை முடக்கியது. அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் கையிலிருந்த பகுதிக்கு உணவு கொண்டுபோனால் வழக்கு வருமோ என்ற அச்சத்தில் அமைப்புகள் தயங்கின, அல்-ஷபாபும் பல அமைப்புகளைத் தடைசெய்தது. பஞ்சம் வரும் என்ற முன்னெச்சரிக்கைகள் 2010 முதலே வந்துகொண்டிருந்தன. 2010-12இல் ஏறத்தாழ 2,58,000 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நிவாரணத்தையும் வளர்ச்சியையும் பாதுகாப்புக் கொள்கையோடு ஒரே கயிற்றில் கட்டக் கூடாது என்போரின் வாதத்துக்கு இந்தக் குழந்தைகளைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

அகதிகளுக்கு முகாமுக்குப் பதில் வாழ்வு தரும் முயற்சியும் இரண்டு விதமாக நடந்தது. 2016இல் ஜோர்தான், சிரிய அகதிகளுக்கு 2 லட்சம் வேலைவாய்ப்பைத் திறப்பதாக ஒப்புக்கொண்டது. ஈடாக ஐரோப்பா தன் சந்தை விதியைத் தளர்த்தியது, உலக வங்கி சலுகைக் கடன் தந்தது. அனுமதிச் சீட்டுகள் பெருகின, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்த தொழிற்சாலைகளோ மிகச் சில. அகதிகள் கடல்தாண்டி வராமலிருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய அவசரம் திட்டத்தின் அடியில் இருந்தது. ஏழை நாடான உகாண்டா 2006 சட்டத்தின் மூலம் அகதிகளுக்கு நடமாடவும் வேலை செய்யவும் உரிமை தந்தது, பயிரிட நிலத்துண்டும் தருகிறது. கொள்கை உயர்ந்தது. கொடை நாடுகள் பணத்தைச் சுருக்கியதால் உணவுப் பங்கீடு வெட்டப்பட்டு, அந்தக் கொள்கையே ஆட்டம் காண்கிறது.

இந்தியா கொடுக்கும்போது

பெற்ற இந்தியா இன்று கொடுக்கும் நாடு. 2012இல் வெளியுறவு அமைச்சகத்துக்குள்ளேயே வளர்ச்சிப் பங்காண்மை நிர்வாகம் அமைந்தது. அதன் பெரிய மானியத் திட்டங்களில் ஒன்று இலங்கையின் 50,000 வீடுகள். போர் முடிந்ததும் கூரைத் தகடும் விதையும் டிராக்டரும் கண்ணிவெடி அகற்றும் குழுக்களும் போயின. 2010 ஜூனில் வீட்டுத்திட்டம் அறிவிக்கப்பட்டது. ரயில்பாதை மீண்டும் போடப்பட்டு 2014 அக்டோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணம் சேர்ந்தது.

வீட்டுத்திட்டத்தில் மெச்சத்தக்கது, வீட்டை ஒப்பந்ததாரரிடம் விடாமல், பயனாளிக் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் 5.5 லட்சம் இலங்கை ரூபாயைத் தவணையாகப் போட்டு அவர்களையே கட்டச் சொன்னது. தறப்பாளின் கீழ் இருந்த பெண்கள் தங்கள் வீட்டின் அறையையும் வாசலையும் தாங்களே தீர்மானித்தார்கள். குறையும் உண்டு. சீமெந்து விலை ஏறியபோது தொகை ஏறவில்லை, பல குடும்பங்கள் கடன்பட்டு முடித்தன. வீடு வந்த வேகத்தில் வேலை வரவில்லை. அதிகாரப் பகிர்வு பற்றிய வாக்குறுதி நிறைவேறவில்லை. கொடுப்பவரின் மனம் கொழும்போடு உறவைக் காப்பதிலும், சீனாவின் நிழலை அளப்பதிலும் இருந்ததால் வன்னியின் அரசியல் கேள்வி பின்னே தள்ளப்பட்டது. 2022 நெருக்கடியில் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழ்நாடும் அரிசி, பால்மா, மருந்து அனுப்பியது. மக்கள் நன்றியோடு பெற்றார்கள். அந்த நன்றியை நிலைத்த வாழ்வாதாரமாக மாற்றும் திட்டம் இன்னும் தேவைப்படுகிறது.

எங்கே நிற்கிறோம்

உதவித் துறையை வெளியுறவுத் துறைக்குள் கரைப்பதே இன்றைய போக்கு. கனடாவும் ஆஸ்திரேலியாவும் 2013இல் செய்தன, பிரிட்டன் 2020இல் செய்தது. பிரிட்டன் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டிலிருந்து 0.5க்கு இறங்கி, 2027இல் 0.3க்கு இறங்கப்போவதாக அறிவித்திருக்கிறது. அமெரிக்காவில் 2025 மார்ச்சிலேயே யுஎஸ்எய்டு திட்டங்களில் 83 விழுக்காடு ரத்தானதாக வெளியுறவுச் செயலர் அறிவித்தார். பஞ்சத்தை முன்னறியும் பிரிவும் மருந்துக் கிடங்கும் முடங்கின. நெடுங்கால வேலையை ஒரு கையெழுத்தில் நிறுத்த முடியும் என்றால், அதை நெடுங்கால வேலை என்று அழைத்ததே பிழை.

கொடை நாடுகளும் பெரும் உதவி அமைப்புகளும் 2016இல் நிதியில் கால் பங்கை உள்ளூர் அமைப்புகளுக்குத் தருவதாகக் கையெழுத்திட்டன. நேரடியாகப் போய்ச் சேர்வது அதில் மிகச் சிறு பகுதியே.

இத்தனை அனுபவத்திலிருந்தும் நான் அடையும் முடிவு இது. உயிர்காக்கும் உதவி வெளியுறவுக் கொள்கையின் பேரத்துக்கு வெளியே, தனிக் கையில் இருக்க வேண்டும். வளர்ச்சி உதவி வெளியுறவுக் கொள்கையாக இருக்கலாம், ஆனால் அதற்குச் சட்டமும் பல ஆண்டு நிதி உறுதியும் வேண்டும். மலேசியாவின் பெர்காவ் அணைக்குப் பிரிட்டன் தந்த நிதி ஆயுத விற்பனையோடு பின்னப்பட்டிருந்த விவகாரத்தில், அந்த உதவி சட்டவிரோதம் என்று 1994இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002இல் வந்த சட்டம், உதவியின் நோக்கம் வறுமைக் குறைப்பு என்று எழுதிவைத்தது. நிவாரணத்தையும் வளர்ச்சியையும் இணைக்கும் இடம் கொடை நாட்டுத் தலைநகரில் இருக்கக் கூடாது. பேரிடருக்கு முன்பே, பெறும் மண்ணில், பெயர்ப்பட்டியலும் கணக்கும் பொதுவில் கிடக்கும் ஓர் அமைப்பில் இருக்க வேண்டும்.

இந்தியாவிடம் இதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தவணைக் கோதுமைக்குக் காத்திருந்த நாட்டின் பிள்ளைகள் நாம். வெளிநாடுகளுக்கு நாம் தரும் உதவிக்கு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றட்டும். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு, யார் கையில் என்று ஆண்டுதோறும் அவையில் வைக்கட்டும். அண்டை நாட்டில் ஆட்சி மாறினாலும் இங்கே ஆட்சி மாறினாலும், பாதி எழும்பிய சுவரோடு எந்தக் குடும்பமும் காத்திருக்கும்படி விடக் கூடாது.